‘ஆய்வில் நிரூபணம்’ என்று வந்தால் என்ன கேட்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸ் குடியுங்கள், சுகர் தானாக இறங்கும், மாத்திரையே வேண்டாம், ஆய்வில் நிரூபணம். அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் சுகர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கால்விரலை இழந்த சித்தப்பா, டயாலிசிஸுக்குப் போய்வரும் அத்தை என்று எல்லோருக்கும் யாராவது இருக்கிறார்கள். சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் ஒரு காய் இதற்கு விடை சொல்லும் என்றால் யார்தான் பகிராமல் இருப்பார்கள்?

எனக்குக் கவலை தருவது அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான். எந்த ஆய்வு? எத்தனை பேரிடம் செய்தது? அதே கேள்விக்கு மற்ற ஆய்வுகள் என்ன பதில் சொல்லின? இந்தக் கேள்விகளோடு உலகம் முழுக்கத் தேடி, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றையும் தரம் பார்த்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லும் வேலைக்கு முறைசார் மீளாய்வு என்று பெயர். டாக்டர்கள் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்பது இதைத்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சமையலுக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. மருத்துவ ஆய்வுகள் ஒரே பானையில் வெந்தவை அல்ல. ஆட்கள் வேறு, ஊர் வேறு, செய்த முறை வேறு, அதிர்ஷ்டமும் வேறு. ஒன்றை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு மொத்தமும் வெந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இதற்கு மிகத் தெளிவான உதாரணம் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது.

2010 ஜூலையில் வியன்னாவில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில், டர்பனிலிருந்து போன ஓர் ஆய்வுக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கேப்ரிசா ஆய்வு மையத்தின் குரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தம்பதி தலைமையில் நடந்தது அது. டர்பன் நகரத்திலும், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கத்துக் கிராமப்புறமான வுலிண்ட்லேலாவிலும் 889 பெண்கள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி மருந்து கலந்த, பிறப்புறுப்பில் போடும் ஜெல். மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே போல இருக்கும், மருந்தில்லாத ஜெல். மருந்து ஜெல் கிடைத்தவர்களில் 38 பேருக்கு எச்.ஐ.வி தொற்றியது, மற்றவர்களில் 60 பேருக்கு. ஒவ்வொருவரும் ஆய்வில் இருந்த காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 39 சதவீதம் குறைவு. ஆணுறை போடச் சொல்லி ஆணைக் கெஞ்ச வேண்டியிராமல், ஒரு பெண் தானே தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது என்று அன்று உலகமே நம்பியது. அந்த நம்பிக்கையில் தவறில்லை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இளம் பெண்களை எச்.ஐ.வி எப்படி வாரிக்கொண்டு போனது என்று பார்த்தவர்களுக்கு அந்தக் கைதட்டலின் அர்த்தம் புரியும்.

ஆனால் ஆய்வறிக்கையில் 39க்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்கள் அச்சாகியிருந்தன: 6, 60. செய்தித்தாள்கள் பெரும்பாலும் இவற்றை விட்டுவிடும். தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடியதைக் கணக்கில் எடுத்தால், உண்மையான பலன் 6 சதவீதமாகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம் என்று அவை சொல்கின்றன. அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதிலிருந்து மிக நல்ல பலன் வரை எதுவும் சாத்தியம். ஆய்வு சிறியதாக இருந்தால் இந்த இடைவெளி அகலும், பெரியதானால் குறுகும். ஆய்வு செய்தவர்கள் இதை மறைக்கவில்லை. இன்னும் ஆய்வுகள் வேண்டும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.

ஆய்வுகள் வந்தன. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் நடந்த வாய்ஸ் என்ற பெரிய ஆய்வில், ஜெல் பகுதியை 2011இல் நிறுத்திவிட்டார்கள், பலன் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2,059 பெண்களிடம் நடந்த ஃபாக்ட்ஸ் 001 ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. மருந்து ஜெல், வெறும் ஜெல் இரண்டு பக்கமும் தொற்று ஒரே அளவுதான். ஒழுங்காகப் பயன்படுத்திய பெண்களிடம் மருந்து வேலை செய்ததற்கான அடையாளம் இருந்தது. ஆனால் பெரும்பாலானவர்களால் ஒவ்வொரு முறையும் பயன்படுத்த முடியவில்லை. அவர்களில் பலர் பெற்றோரோடு ஒரே வீட்டில் இருக்கும் இளம் பெண்கள். ஜெல்லை எங்கே ஒளித்து வைப்பது, எப்போது போடுவது?

இந்தக் கதையில் யாரும் பொய் சொல்லவில்லை. முதல் ஆய்வு நேர்மையான, தரமான ஆய்வு. அப்படியிருந்தும் அதை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால், பல லட்சம் பெண்களின் கையில் அவர்களைக் காக்காத ஒரு ஜெல்லைக் கொடுத்திருப்போம். நல்ல ஆய்வுக்கே இந்த நிலை என்றால், பெயரும் ஊரும் இல்லாத வாட்ஸ்அப் ஆய்வை என்ன சொல்ல?

சரி, மீளாய்வு செய்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்? பாகற்காயையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கேள்வியை இறுக்குகிறார்கள். பாகற்காய் சுகருக்கு நல்லதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டைப் 2 சுகர் உள்ள பெரியவர்கள் பாகற்காயை ஏதோ ஒரு வடிவத்தில் எடுத்துக்கொண்டால், மருந்தே இல்லாத போலி மாத்திரையோ வழக்கமான மருந்தோ எடுப்பவர்களோடு ஒப்பிடும்போது, ரத்தச் சர்க்கரை எவ்வளவு மாறுகிறது என்று கேட்டால், பதிலைத் தேட முடியும். அடுத்து, எந்த மாதிரி ஆய்வுகளைச் சேர்ப்போம், எதை ஒதுக்குவோம், எதை அளப்போம் என்ற திட்டத்தைத் தேடத் தொடங்கும் முன்பே எழுதிப் பொதுவில் வைத்துவிடுகிறார்கள். இதற்கென்றே பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் பிராஸ்பெரோ என்ற பதிவேட்டை நடத்துகிறது. இது ஏன் முக்கியம் என்றால், முடிவுகளைப் பார்த்துவிட்ட பிறகு விதிகளை மாற்றும் ஆசை மனிதர்களுக்கு வரும். தனக்குப் பிடித்த ஆய்வை உள்ளே இழுக்கவும் பிடிக்காததை வெளியே தள்ளவும் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். முன்பே எழுதி வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

பிறகு தேடல். ஒரு கூகுள் தேடலோடு முடிகிற வேலை இல்லை. பல மருத்துவத் தரவுத்தளங்கள், ஆய்வுப் பதிவேடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள், பிற மொழி இதழ்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். சில சமயம் ஆய்வு செய்தவருக்கே கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கில் தலைப்புகள் வரும். இரண்டு பேர், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், எது பொருந்தும் என்று தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். கருத்து வேறுபட்டால் பேசித் தீர்க்கிறார்கள், இல்லையென்றால் மூன்றாவது ஆளைக் கூப்பிடுகிறார்கள். அலுப்பூட்டும் வேலை இது. ஒரு வருஷம் ஓடிவிடுவது சாதாரணம்.

அதன் பிறகு வருவதுதான் என் பார்வையில் மிக முக்கியமான படி: ஒவ்வொரு ஆய்வும் எங்கே ஏமாந்திருக்கலாம் என்று பார்ப்பது. நம் வீட்டு உதாரணம் ஒன்று. பெரியம்மா புரட்டாசி முதல் நாள் பாகற்காய் ஜூஸ் குடிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் வீட்டில் கறி, மீன் கிடையாது. வெளியே வாங்கும் பன்னி சோவ், அதாவது ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது, கிடையாது. சனிக்கிழமை விரதம், கோயிலுக்கு நடை வேறு. மாதக் கடைசியில் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சுகர் இறங்கியிருக்கிறது. ஜூஸா, விரதமா, நடையா? பெரியம்மா சொல்வது உண்மைதான், அவருக்கு இறங்கியது. ஆனால் எதனால் இறங்கியது என்று அவராலும் சொல்ல முடியாது, நம்மாலும் சொல்ல முடியாது.

இதற்குத்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும். யாருக்கு ஜூஸ், யாருக்கு மற்றது என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். அப்போது விரதம் இருப்பவரும் இல்லாதவரும், நடப்பவரும் உட்கார்ந்தே இருப்பவரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்கு மருந்தைக் காரணம் சொல்லலாம். குலுக்கல் ஒழுங்காக நடந்ததா, யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்களா, பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், அளந்ததை எல்லாம் வெளியிட்டார்களா என்று மீளாய்வாளர்கள் வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.

பாகற்காய் பற்றிய மீளாய்வை, இத்தகைய மீளாய்வுகளைத் தொகுத்து வெளியிடும் கொக்ரேன் அமைப்பு 2012இல் புதுப்பித்து வெளியிட்டது. இத்தனை தேடியும் தகுதியான குலுக்கல் முறை ஆய்வுகள் 4 மட்டுமே கிடைத்தன. நான்கிலும் சேர்த்து 479 பேர். எதுவும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. அந்த நான்கிலும் முழுக் கட்டுரையாக வெளியானவை இரண்டுதான். போலி மருந்தைவிடப் பாகற்காய் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது என்று சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. முடிவு: போதிய சான்று இல்லை. இதற்குப் பாகற்காய் பலனற்றது என்று பொருள் இல்லை. பலன் உண்டு என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை என்றுதான் பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாகற்காய்க் கறியைத் தாராளமாகச் சாப்பிடலாம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜூஸை நம்புவது வேறு விஷயம். கண், சிறுநீரகம், கால் கெடுவதற்கு வருஷங்கள் ஆகும். மூன்று மாத ஆய்வு அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

கொக்ரேன் என்ற பெயர் ஆர்ச்சி கொக்ரேன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரிடமிருந்து வந்தது. ஒவ்வொரு துறையிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அவ்வப்போது புதுப்பித்து வைக்க மருத்துவத் தொழிலுக்குத் தோன்றவில்லையே என்று 1979இல் அவர் கடுமையாக எழுதினார். அவர் இறந்த பிறகு 1993இல் இந்த அமைப்பு தொடங்கியது. 1997இல் கேப் டவுனில் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வுக் கவுன்சிலுக்குள் அதன் மையம் ஒன்று வந்தது. ஆப்பிரிக்காவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைத் தொடங்கும்போதே பதிவு செய்யும் ஆப்பிரிக்கப் பதிவேடும் அங்கிருந்துதான் நடக்கிறது.

அந்த அமைப்பின் சின்னத்தை உற்றுப் பார்த்தால் மீளாய்வின் கணக்கு முழுவதும் அதிலேயே இருக்கும். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதைச் சுற்றி ஏழு படுக்கைக் கோடுகள். ஒவ்வொரு படுக்கைக் கோடும் ஓர் ஆய்வு. குறைமாதப் பிரசவம் நேரப்போகும் தாய்க்கு மலிவான ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று கேட்ட ஆய்வுகள் அவை. கோடு நீளமாக இருந்தால் அந்த ஆய்வுக்கு உறுதி குறைவு, குட்டையாக இருந்தால் உறுதி அதிகம். ஜெல் ஆய்வில் பார்த்த 6க்கும் 60க்கும் இடைப்பட்ட நீளம்தான் இது. இடது பக்கம் விழுந்தால் ஊசி காப்பாற்றுகிறது. நடுக்கோட்டைத் தொட்டால், அந்த ஆய்வால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏழில் பெரும்பாலானவை நடுக்கோட்டைத் தொடுகின்றன. தனித்தனியாகப் படித்த டாக்டர், ‘இதில் ஒன்றும் தெளிவில்லை’ என்று மூடி வைத்திருப்பார். ஆனால் ஏழையும் சேர்த்துக் கணக்கிட்டால், கீழே ஒரு சின்ன வைர வடிவம் விழுகிறது, நடுக்கோட்டைத் தொடாமல், இடது பக்கத்தில். அப்படிச் சேர்த்துக் கணக்கிடுவதுதான் மெட்டா அனாலிசிஸ். முதல் ஆய்வு 1972இல் வந்தது. முறையான மீளாய்வு 1989இல்தான் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான டாக்டர்களுக்கு அந்த ஊசியின் பலன் தெரியாது. அதற்குள் எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் இறந்துபோயின. ஒருவர் உட்கார்ந்து சேர்த்துப் பார்க்காததால் வந்த இழப்பு இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

சேர்த்துப் பார்ப்பதிலும் எதைச் சேர்க்கிறோம் என்பது உண்டு. சுன்னத் செய்த ஆண்களுக்கு எச்.ஐ.வி குறைவாகத் தொற்றுகிறது என்று, குலுக்கல் இல்லாமல் மக்களை அப்படியே கவனித்துப் பார்த்த பல ஆய்வுகள் சொல்லிவந்தன. ஆனால் சுன்னத் செய்துகொள்கிறவர்களின் மதம், குடிப்பழக்கம், உறவுப் பழக்கம் எல்லாமே வேறாக இருக்கலாமே? கேப் டவுனிலிருந்து நாண்டி சீக்ஃபிரீட் தலைமையில் 2003இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, இவற்றை வைத்துச் சொல்ல முடியாது, குலுக்கல் முறை ஆய்வுகள் வரட்டும் என்றது. ஜோஹனஸ்பர்க் பக்கத்து ஆரஞ்சு ஃபார்மில் 3,274 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2005இல் வந்தது. கென்யா, உகாண்டா ஆய்வுகள் 2007இல். 2009இல் அதே குழு மீளாய்வைப் புதுப்பித்தபோது, இரண்டு வருஷத்தில் தொற்று 38 முதல் 66 சதவீதம் வரை குறைகிறது என்று உறுதியாகச் சொன்னது. இந்த முறை மூன்று ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டின. முன்பு தெரியாது என்றவர்களே, சான்று வந்ததும் தெரியும் என்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வருவது இதனால்தான்.

எவ்வளவு உறுதி என்பதை நான்கு படிகளில் சொல்வது இப்போது வழக்கம்: உயர்ந்த, மிதமான, குறைந்த, மிகக் குறைந்த உறுதி. மீளாய்வின் சுருக்கத்தில் இந்த வார்த்தைகளைத்தான் முதலில் தேட வேண்டும்.

கை மருந்தை மட்டும்தான் இப்படிச் சந்தேகிக்கிறார்கள், கம்பெனி மருந்தை விட்டுவிடுகிறார்கள் என்று நம் பெரியவர்கள் சிலர் குறைப்படுவதுண்டு. அவர்களுக்கு டாமிஃப்ளூ கதையைச் சொல்ல வேண்டும். ஃப்ளூவுக்கான இந்த மாத்திரையை அரசாங்கங்கள் பெரும் செலவில் வாங்கிக் குவித்தன. சிக்கல்களைக் குறைக்கிறது என்று சொல்லப்பட்டது 10 ஆய்வுகளை வைத்து. அவற்றில் 8 வெளியாகவே இல்லை என்பதை 2009இல் ஒரு ஜப்பானியக் குழந்தை மருத்துவர் சுட்டிக்காட்டினார். கொக்ரேன் குழு தயாரிப்பு நிறுவனத்திடம் முழு அறிக்கைகளைக் கேட்டது. கிடைக்க வருஷங்கள் ஆயின. 2014இல் எல்லாவற்றையும் படித்து முடித்தபோது, பெரியவர்களுக்கு அறிகுறிகள் ஏழு நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன என்பதுதான் மிஞ்சியது. மருத்துவமனையில் சேர்வது குறைந்ததற்கு நல்ல ஆதாரம் இல்லை. நல்ல முடிவுகள் அச்சேறுகின்றன, மற்றவை அலமாரியில் தூங்குகின்றன. அதனால்தான் ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்ற விதியே வந்தது.

பொய் ஆய்வு உள்ளே நுழைந்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது, இந்த நாட்டிலேயே. மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜையைத் திரும்ப ஏற்றும் கொடூரமான சிகிச்சை 1990களில் பரவியது. 1999இல் பல நாட்டு ஆய்வுகள் ஒன்றாக வெளியானபோது, மற்றவை பலனில்லை என்றன; ஜோஹனஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வு மட்டும் பெரிய பலன் என்றது. அமெரிக்க டாக்டர்கள் 2000இல் நேரில் வந்து பதிவேடுகளைப் புரட்டினார்கள். சொன்னதும் இருந்ததும் பொருந்தவில்லை. அறிவியல் நேர்மையை மீறியதை அவரே ஒப்புக்கொண்டார்; பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. மற்ற ஆய்வுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அந்த ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தது.

கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் விஷயத்தில் எதிர்மாறாக நடந்தது. ஆடு மாடுகளுக்குப் பூச்சி மருந்தாகப் போடுவதைத் தென்னாப்பிரிக்காவில் ஆட்கள் தேடி வாங்கி விழுங்கினார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ரா 2021 ஜனவரியில் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. இறப்பு பெரிதும் குறைகிறது என்று சில மெட்டா அனாலிசிஸ்களும் வந்தன. அவற்றுக்குப் பலம் கொடுத்த எகிப்து ஆய்வு ஒன்று, தரவுகளில் கடுமையான சந்தேகங்கள் எழுந்து, 2021 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதை நீக்கியதும் பலன் கரைந்தது. 2022இல் பிரேசிலில் 1,358 பேரிடம் நடந்த தரமான ஆய்வில் ஐவர்மெக்டினால் பலன் தெரியவில்லை. ஆகவே ‘மீளாய்வு’ என்ற பெயர் பலகை மட்டும் போதாது. உள்ளே போடுகிற ஆய்வு உண்மையானதா, அந்த நோயாளிகள் நிஜமாக இருந்தார்களா என்று சோதிப்பதும் இப்போது மீளாய்வாளர்களின் வேலையாகிவிட்டது.

நீங்களே பார்க்க விரும்பினால் கொக்ரேன் தளத்தில் ஒவ்வொரு மீளாய்வுக்கும் டாக்டர் அல்லாதவர்களுக்கான எளிய சுருக்கம் இருக்கும். சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். எத்தனை ஆய்வுகள், எத்தனை பேர், எவ்வளவு காலம், எந்த அளவு உறுதி, பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள். அச்செடுத்து அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டுபோய், ‘டாக்டர், இது என் விஷயத்தில் எப்படி?’ என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஜூஸோ பொடியோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சுகர் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். சுருக்கத்தின் கடைசியில் தேடல் எந்த மாதம், எந்த வருஷம் வரை நடந்தது என்றும் எழுதியிருப்பார்கள். அது பத்து வருஷம் பழசாக இருந்தால், அதற்குப் பிறகு வந்த ஆய்வு எதுவும் அந்த முடிவில் சேர்ந்திருக்காது. புதிய பதிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.